நடுநிலை நாடு போருக்குள் ஏன் இறங்கியது? தேதியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் முறை

"லூசிடேனியா கப்பலை ஜெர்மனி மூழ்கடித்தது, அதனால் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது." தேர்வுத்தாளிலும் கட்டுரைகளிலும் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிடேனியா மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. நடுவில் சரியாக 700 நாட்கள். அந்த 700 நாட்களில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் ஒரு தேர்தலைச் சந்தித்தார், "நம்மைப் போரிலிருந்து காத்தவர்" என்ற பிரசாரத்தோடு வென்றார். கப்பல்தான் காரணம் என்றால் இந்த 700 நாளுக்கு என்ன பதில்?

நடுநிலை நாடு ஒன்று ஏன் போரில் குதித்தது என்று ஆராயும்போது கையில் வைத்திருக்க வேண்டிய உரைகல் இதுதான்: நீங்கள் சொல்லும் காரணம் அந்தத் தேதியை விளக்க வேண்டும். ஏன் ஒரு வருடம் முன்பு இல்லை, ஏன் ஆறு மாதம் கழித்து இல்லை என்பதற்குப் பதில் தராத காரணம் பின்னணி மட்டுமே. பின்னணியும் தேவைதான், ஆனால் அதைக் காரணம் என்று எழுதக் கூடாது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

எல்லா நடுநிலை நாடுகளும் ஒரே வழியாகப் போருக்குள் வருவதில்லை. வகையைத் தவறாகப் பிடித்தால் தவறான ஆவணங்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தாக்கப்பட்டு வந்தவை ஒரு வகை. 1839 உடன்படிக்கையால் நடுநிலை உறுதி செய்யப்பட்ட பெல்ஜியத்துக்குள் 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை நுழைந்தது. 1940 ஏப்ரல் 9 அன்று நார்வேக்கு நேர்ந்ததும் அதுவே. இங்கே "ஏன் இறங்கியது" என்ற கேள்வியே பொருந்தாது. தாக்கியவரின் திட்டத்தைத்தான் படிக்க வேண்டும்.

பேரம் பேசி வந்தவை இன்னொரு வகை. இத்தாலி 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டது. டிரென்டினோ, தென் டைரோல், டிரியெஸ்ட், இஸ்திரியா, டால்மேஷியாவின் ஒரு பகுதி எல்லாம் கிடைக்கும், ஒரு மாதத்துக்குள் போரில் இறங்க வேண்டும் என்பது பேரம். மே 23 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவித்தது. ருமேனியாவும் அப்படியே: 1916 ஆகஸ்ட் 17 அன்று ஒப்பந்தம், ஆகஸ்ட் 27 அன்று போர். இந்த வகையில் தேதிக்கான விடை ஒப்பந்தத்திலும் போர்க்களத்திலும் கிடைக்கும். அந்த ஜூனில் ரஷ்யத் தளபதி புருசிலோவின் தாக்குதல் ஆஸ்திரியப் படையை உலுக்கியிருந்தது. வெல்லும் பக்கம் தெரிந்துவிட்டதாக ருமேனியா நம்பியது. டிசம்பர் 6 அன்று அதன் தலைநகர் புகாரெஸ்ட் விழுந்தது.

பெயருக்கு மட்டும் நடுநிலை வகித்தவை உண்டு. ஒட்டோமான் பேரரசு 1914 ஆகஸ்ட் 2 அன்றே ஜெர்மனியோடு ரகசியக் கூட்டணி போட்டுவிட்டது. அக்டோபர் 29 அன்று கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கும் வரை வெளியே நடுநிலை என்றே சொல்லிக்கொண்டது. இந்த மூன்று மாதங்களை "தயக்கம்" என்று எழுதுவதற்கு முன் எது ரகசியமாக இருந்தது என்று பாருங்கள்.

கடைசி வண்டியில் ஏறியவையும் உண்டு. துருக்கி 1945 பிப்ரவரி 23 அன்று ஜெர்மனி மீதும் ஜப்பான் மீதும் போர் அறிவித்தது. மார்ச் 1-க்குள் போர் அறிவித்த நாடுகளுக்கே ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கும் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு அழைப்பு என்று அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் முடிவாகியிருந்தது. தேதிக்கு விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மிச்சமிருப்பதுதான் கடினமான வகை: தாக்குதல் நேரடியாகத் தன் மண்ணில் விழவில்லை, நிலம் தருவதாக யாரும் பேரம் பேசவில்லை, ஆனாலும் வருடக்கணக்கில் ஒதுங்கி நின்ற நாடு ஒரு நாள் இறங்குகிறது. 1917-இன் அமெரிக்கா இதற்குத் தெளிவான உதாரணம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதை வைத்தே போகிறது.

நான்கு பத்திகள் கொண்ட தாள்

ஒரு பெரிய தாளில் நான்கு பத்திகள் (மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசைகள்) கட்டுங்கள். முதலாவது தேதி. இரண்டாவது, போரிடும் தரப்பு செய்தது. மூன்றாவது, நடுநிலை நாடு செய்தது. நான்காவது பத்திதான் பெரும்பாலோர் விடுவது: அந்த நாளில் போரைத் தவிர வேறு என்ன வழி கைவசம் இருந்தது? இருபத்தைந்து வரிகள் போதும். நூறு வரி எழுதினால் காடு தெரியாமல் போய்விடும்.

சில வரிகளை இங்கேயே நிரப்பிப் பார்ப்போம்.

1915 பிப்ரவரி 4: பிரிட்டனைச் சுற்றிய கடலைப் போர்ப் பகுதி என்று ஜெர்மனி அறிவிக்கிறது. 10-ஆம் தேதி, அமெரிக்க உயிருக்கும் கப்பலுக்கும் ஜெர்மனியே முழுப்பொறுப்பு என்று வில்சன் அரசு குறிப்பு அனுப்புகிறது. நான்காவது பத்தியில்: எதிர்ப்புக் குறிப்பு, பேச்சுவார்த்தை, பயண எச்சரிக்கை, வணிகத் தடை, உறவு முறிவு. ஐந்து வழிகள்.

1915 மே 7: லூசிடேனியா. இறந்தவர் 1,198 பேர், அதில் அமெரிக்கர் 128. எதிர்வினை கடுமையான குறிப்புகள் மட்டுமே. அந்தக் குறிப்புகளே போருக்கு இழுத்துவிடும் என்று சொல்லி வெளியுறவுச் செயலர் பிரையன் ஜூனில் பதவி விலகினார். வழிகள் இன்னும் மிச்சமிருந்தன.

1916 மார்ச் 24: சஸ்ஸெக்ஸ் என்ற பயணிகள் கப்பல் டார்பிடோவால் தாக்கப்படுகிறது. இம்முறை வில்சன், இது நிற்காவிட்டால் தூதரக உறவை முறிப்பேன் என்கிறார். மே 4 அன்று ஜெர்மனி பணிந்து, எச்சரிக்காமல் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம் என்று உறுதி தருகிறது. பார்க்க வெற்றி. ஆனால் நான்காவது பத்தியில் ஒரு வழி செலவாகிவிட்டது: உறவு முறிவு என்ற அட்டை இனி மேசை மேல். அடுத்த முறை ஜெர்மனி மீறினால் வில்சனுக்குப் பின்வாங்க இடமில்லை, பிரிட்டன் முதல் தன் சொந்தக் கட்சி வரை எல்லோருக்கும் அது தெரியும்.

தாளை இப்படி நிரப்பிக்கொண்டே வந்தால் ஒன்று புலப்படும். நிகழ்ச்சிகளின் கொடூரம் ஏறிக்கொண்டே போகவில்லை. லூசிடேனியா அளவுக்கு அமெரிக்க உயிர்களைக் குடித்த தாக்குதல் அதன் பிறகு போர் அறிவிக்கும் வரை நிகழவே இல்லை. சுருங்கிக்கொண்டே வந்தது நான்காவது பத்தி. நடுநிலை முறிவதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

கடைசி 65 நாட்களை நாள் நாளாகப் பிரியுங்கள்

தாளின் கடைசிப் பகுதியை மட்டும் பெரிதாக்கி எழுத வேண்டும். அமெரிக்காவுக்கு அது 1917 ஜனவரி 31 முதல் ஏப்ரல் 6 வரை.

ஜனவரி 31 அன்று, நாளை முதல் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர், அதாவது நடுநிலைக் கப்பலையும் எச்சரிக்காமல் மூழ்கடிப்போம் என்று வாஷிங்டனிலிருந்த ஜெர்மன் தூதர் பெர்ன்ஸ்டார்ஃப் தெரிவிக்கிறார். பிப்ரவரி 3 அன்று வில்சன் உறவை முறிக்கிறார். போர் அறிவிக்கவில்லை, ஜெர்மனி சொன்னதை உண்மையிலேயே செய்யும் என்று நம்ப மறுக்கிறேன், செயலில் காட்டட்டும் என்கிறார்.

பிப்ரவரி 24 அன்று லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் பேஜ் வழியாகச் சிம்மர்மன் தந்தி வாஷிங்டனுக்கு வருகிறது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன், போர் மூண்டால் மெக்சிகோ ஜெர்மனியோடு சேர வேண்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம் என்று எழுதியது. பிரிட்டிஷ் கடற்படையின் குறிமுறைப் பிரிவு வழிமறித்துப் படித்துவிட்டது. மார்ச் 1 அன்று நாளிதழ்களில் வெளியானது. போலி என்ற சந்தேகம் எழுந்தபோது மார்ச் 3 அன்று சிம்மர்மனே உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். இதையே காரணம் என்று எழுதுவோர் ஏராளம். மறுநாள் என்ன நடந்தது என்று பாருங்கள்: மார்ச் 4 அன்று, வணிகக் கப்பல்களுக்குப் பீரங்கி பொருத்தும் மசோதாவை ஒரு சிறு குழு செனட்டர்கள் விடாமல் பேசியே முடக்கினார்கள். தந்தி நாட்டை உலுக்கிய பிறகும், போர் இருக்கட்டும், ஆயுதம் தாங்கிய நடுநிலைகூடச் செனட்டைத் தாண்டவில்லை.

வில்சன் தன் அதிகாரத்தில் அதைச் செய்தார். கப்பல்களில் பீரங்கி ஏறியது. இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் நான்காவது பத்தியில் மிச்சமிருந்த கடைசி வழி இதுதான். இது பலித்திருந்தால் அமெரிக்கா போரில் இறங்காமலே இருந்திருக்கலாம். பலிக்காததற்குக் காரணம் எளிய இயற்பியல். நீருக்கடியிலிருந்து டார்பிடோ வீசும் எதிரியை மேல்தளத்துப் பீரங்கியால் முன்கூட்டிப் பார்க்க முடியாது. கண்டவுடன் முதலில் சுட வேண்டும், அது போர்ச்செயல். பிடிபடும் பீரங்கிக்காரர்களைக் கடற்கொள்ளையராக நடத்துவோம் என்றது ஜெர்மனி. போரின் ஆபத்து முழுதாக, போரின் பலன் எதுவும் இல்லாமல்.

மார்ச் 16 முதல் 18 வரையிலான நாட்களில் விஜிலான்சியா, சிட்டி ஆஃப் மெம்ஃபிஸ், இல்லினாய் என்ற மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. விஜிலான்சியாவில் மட்டும் 15 பேர் இறந்தார்கள். மார்ச் 20 அன்று அமைச்சரவை ஒருமனதாகப் போர் என்றது. ஏப்ரல் 2 அன்று வில்சன் காங்கிரஸ் முன் நின்றார். 4-ஆம் தேதி செனட் 82-க்கு 6, 6-ஆம் தேதி பிரதிநிதிகள் சபை 373-க்கு 50.

15 உயிர்கள் செய்ததை 128 உயிர்கள் செய்யவில்லை. 1915-இல் ஐந்து வழிகள் இருந்தன, 1917 மார்ச் 20 அன்று ஒன்றும் இல்லை. தேதியை விளக்குவது இதுவே.

மறுபக்கத்தின் கணக்கையும் திறந்து பாருங்கள்

நடுநிலை நாட்டின் தலைநகரிலேயே உட்கார்ந்து காரணம் தேடுவது பெரிய குறை. 65 நாட்களைத் தொடங்கி வைத்த முடிவு வாஷிங்டனில் எடுக்கப்படவில்லை. 1917 ஜனவரி 9 அன்று பிளெஸ் கோட்டையில், ஜெர்மன் பேரரசர் முன்னிலையில் எடுக்கப்பட்டது.

அங்கே மேசையில் இருந்தது கடற்படைத் தலைமை அதிகாரி ஹோல்ட்செண்டார்ஃப் டிசம்பரில் எழுதிய அறிக்கை. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் சமாதானத்துக்கு வரும், அடுத்த அறுவடைக்கு முன் போர் முடியும், அமெரிக்கா இறங்கினாலும் அதன் படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அமெரிக்காவின் நிரந்தரப் படை அப்போது சுமார் 1.27 லட்சம் பேர்தான் என்பதால் கணக்கு நியாயமாகவே தோன்றியது. ஏப்ரலில் மூழ்கிய அளவு 8 லட்சம் டன்னைத் தாண்டியது. இலக்கை மிஞ்சியும் பிரிட்டன் பணியவில்லை. கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பும் முறை மே மாதத்தில் தொடங்கியது, கோதுமை விளைச்சலும் உணவுக் கட்டுப்பாடும் ஈடுகொடுத்தன.

ஆக, அமெரிக்கா போரில் இறங்கும் என்று தெரிந்தே ஜெர்மனி அந்த அடியை எடுத்து வைத்தது. எந்த நாட்டைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த நாடு நடுநிலையாக இருப்பதால் போரிடும் தரப்புக்கு என்ன லாபம், அந்த லாபம் எப்போது தீர்ந்தது? போருக்குச் சில ஆண்டுகள் முன்பே ஜெர்மன் படைத்தலைவர் மோல்ட்கே நெதர்லாந்து வழியாகப் போகும் பழைய திட்டத்தை மாற்றியிருந்தார். முற்றுகை வந்தால் மூச்சுவிடும் குழாயாக நெதர்லாந்து தேவைப்படும் என்பது அவர் எண்ணம். நெதர்லாந்து கடைசி வரை நடுநிலையாக இருந்ததில் டச்சுக்காரர்களின் சாமர்த்தியத்துக்குப் பங்குண்டு, இந்தக் குழாய்க்கும் பங்குண்டு.

பணம் இழுத்ததா?

அடுத்து வரும் வாதம் இது. நேச நாடுகளுக்கு (பிரிட்டன், பிரான்ஸ் அணி) அமெரிக்க ஏற்றுமதி 1914-இல் சுமார் 82 கோடி டாலர், 1916-இல் 300 கோடியைத் தாண்டியது. மைய நாடுகளுக்கான (ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி அணி) ஏற்றுமதி பிரிட்டிஷ் முற்றுகையால் ஏறக்குறைய பூஜ்யமானது. கடனிலும் அதே சாய்வு: 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகளுக்கு 200 கோடி டாலருக்கு மேல், ஜெர்மனிக்குச் சுமார் 3 கோடி. கடன் திரும்ப வேண்டும் என்பதற்காக வங்கிக்காரர்கள் நாட்டைப் போரில் தள்ளினார்கள் என்ற வாதம் 1930-களில் அமெரிக்காவில் வலுவாக இருந்தது. செனட்டர் நையின் குழு அதை விசாரித்தது, 1935 முதல் நடுநிலைச் சட்டங்கள் வந்ததற்கு அந்தச் சூழல் ஒரு காரணம்.

தேதியில் உரசிப் பாருங்கள். 1916 நவம்பர் 28 அன்று, வெளிநாட்டு அரசுகளின் குறுகிய காலப் பத்திரங்களில் பணம் போடுவதில் எச்சரிக்கையாக இருங்கள் என்று மத்திய ரிசர்வ் வாரியம் வங்கிகளுக்குச் சொன்னது. வில்சன் அதை அறிந்தே ஆதரித்தார். பிரிட்டனின் கடன் நிலை ஆட்டம் கண்டது. வங்கிக்காரர்கள் சொற்படி அரசு ஆடியிருந்தால், போருக்கு நான்கு மாதம் முன்பு அதே அரசு கடன் குழாயை நெரித்திருக்காது.

இதனால் பணத்துக்குப் பங்கே இல்லை என்றாகிவிடாது. அது வேறு வழியாக வேலை செய்தது. அமெரிக்கச் சரக்கும் கடனும் பிரிட்டனைத் தாங்கிப் பிடித்ததால், நடுநிலை என்ற பெயரில் அமெரிக்கா ஏற்கெனவே எதிரிதான், இனி இழக்க என்ன இருக்கிறது என்று பெர்லின் நினைக்கத் தொடங்கியது. பணம் வாஷிங்டனைத் தள்ளியதைவிடப் பிளெஸ் கோட்டையில் கையெழுத்திட்ட கையைத்தான் அதிகம் தள்ளியது என்பது எங்கள் கணிப்பு.

சட்டத்தையும் இந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும். 1907 ஹேக் உடன்படிக்கைகளின்படி நடுநிலை அரசு போரிடும் தரப்புக்கு ஆயுதம் தரக் கூடாது. அதன் தனியார் வணிகர்கள் விற்பதைத் தடுக்கும் கடமை அரசுக்கு இல்லை. ஆகவே 1915-இன் ஆயுத வணிகம் சட்டப்படி நடுநிலை மீறல் அல்ல. 1940 செப்டம்பரில் அமெரிக்க அரசே 50 போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது வேறு கதை. அந்த உடன்படிக்கையின் கண்ணில் அது தெளிவான மீறல். இரண்டையும் "சாய்வான நடுநிலை" என்று ஒரே சொல்லில் அடக்காதீர்கள்.

இறங்காத நாட்டை அருகில் வையுங்கள்

காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றியதும் அதே அடியை வாங்கியும் இறங்காத ஒரு நாட்டைத் தேடுங்கள். முதல் உலகப் போருக்கு நார்வே. அதன் வணிகக் கப்பல்களில் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி கடலடியில் போனது, சுமார் 2,000 மாலுமிகள் இறந்தார்கள். அமெரிக்காவைவிடப் பல மடங்கு இழப்பு. ஆனாலும் நார்வே கடைசி வரை போர் அறிவிக்கவில்லை. சிறிய நாடு, நீண்ட கரை, அருகிலேயே ஜெர்மன் கடற்படை. இறங்கினால் கிடைப்பது ஒன்றுமில்லை, போவது எல்லாமும்.

கப்பல் இழப்பு மட்டும் போதாது என்று இப்போது தெரிகிறது. இழப்பைத் தாங்க மறுக்கும் அளவுக்குப் பலமும் தூரமும் வேண்டும், போருக்குப் பிந்தைய உலகில் தனக்கு ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையும் வேண்டும். பிப்ரவரி இறுதியில் தன்னைச் சந்தித்த அமைதி இயக்கத்தாரிடம், போரில் பங்கெடுத்த நாட்டின் தலைவருக்குச் சமாதான மேசையில் நாற்காலி உண்டு, இல்லாவிட்டால் கதவிடுக்கு வழியாகக் குரல் கொடுக்கத்தான் முடியும் என்று வில்சன் சொன்னதாக அவர்களில் ஒருவரான ஜேன் ஆடம்ஸ் பதிவு செய்திருக்கிறார். நார்வே மன்னருக்கு அந்த நாற்காலி எப்படியும் கிடைத்திருக்காது.

யார் மீது அறிவித்தார்கள் என்ற சோதனை

எளிய சோதனை, ஆனால் பலமுறை கைகொடுக்கும். போர் அறிவிப்பு யார் பெயரில், யார் பெயரில் இல்லை? உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பானதாக வேண்டும் என்று வில்சன் பேசினார். அதுவே காரணம் என்றால் ஏப்ரல் 6 அன்றே எல்லா மைய நாடுகள் மீதும் போர் அறிவித்திருக்க வேண்டும். ஆஸ்திரியா-ஹங்கேரி மீது அறிவித்தது டிசம்பர் 7 அன்றுதான். ஒட்டோமான் பேரரசு மீதும் பல்கேரியா மீதும் கடைசி வரை அறிவிக்கவில்லை. கப்பலை மூழ்கடித்தவர் மீதுதான் முதல் அறிவிப்பு. மார்ச் நடுவில் ரஷ்யாவில் ஜார் பதவி துறந்ததால், நேச நாடுகள் பக்கம் சர்வாதிகாரி இல்லை என்று பேச வசதி கிடைத்தது. பேச்சின் மொழிக்கு அது காரணம்.

இத்தாலியும் இதே சோதனையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 1915 மேயில் ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர். ஜெர்மனி மீது 1916 ஆகஸ்ட் 28 அன்று, 15 மாதம் கழித்து. கேட்ட நிலம் யாரிடம் இருந்ததோ அவர் மீது முதலில்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

நாட்டை ஒற்றை மனிதனாக எழுதுவது. "கிரீஸ் முடிவெடுத்தது" என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும். பிரதமர் வெனிசெலோஸ் ஒரு பக்கம், மன்னர் கான்ஸ்டன்டைன் மறுபக்கம், நாடு இரண்டாகப் பிளந்து இரண்டு அரசுகள் நடந்தன. நேச நாடுகளின் அழுத்தத்தில் 1917 ஜூனில் மன்னர் வெளியேறிய பிறகே கிரீஸ் முழுதாகப் போரில் சேர்ந்தது. இத்தாலியிலும் நாடாளுமன்றப் பெரும்பான்மை நடுநிலையை விரும்பிய ஜியோலித்தி பக்கமே சாய்ந்திருந்தது; ஒப்பந்தம் அதற்குத் தெரியாமல் போடப்பட்டது.

செய்தித்தாள் தலையங்கத்தை மக்கள் கருத்தாகக் கொள்வது. முறையான கருத்துக்கணிப்புகள் அமெரிக்காவில் 1930-களின் நடுவில்தான் வந்தன. 1917-க்கு உங்களிடம் இருப்பது சபை வாக்குகளும் மனுக்களும் தேர்தல் முடிவுகளும்தான். எதிர்த்து வாக்களித்த 50 பேர் எந்தத் தொகுதிக்காரர்கள் என்று பார்த்தாலே, கிழக்குக் கரை நாளிதழ்கள் காட்டாத நாடு ஒன்று தெரியும். மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் நிறைய.

1917-ஐ அச்சாக வைத்து 1941-ஐ எழுதுவது. 1941-இல் நான்காவது பத்தி அமெரிக்காவுக்குச் சுருங்கியதைவிட ஜப்பானுக்கு வேகமாகச் சுருங்கியது. ஜூலையில் ஜப்பானின் சொத்துகள் முடக்கப்பட்டு, எண்ணெய் நின்றது. கையிருப்பு கரையக் கரைய, இப்போது அடிக்காவிட்டால் பிறகு முடியாது என்ற முடிவு டோக்கியோவில் உருவானது. டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர். ஜெர்மனி மீது முதலில் போர் அறிவித்தது அமெரிக்கா என்று எழுதிவிடாதீர்கள். டிசம்பர் 11 அன்று ஹிட்லர்தான் முதலில் அறிவித்தார். அந்த ஆண்டுக்குத் தாள் கட்டும்போது போரிடும் தரப்புகளுக்கும் தனித்தனியே நான்காவது பத்தி போடுங்கள். இல்லாவிட்டால் பிரேசிலை எழுதும்போதும் தடுமாறுவீர்கள்: 1942 ஜனவரியிலேயே பிரேசில் அச்சு நாடுகளோடு உறவை முறித்துக்கொண்டு, வடகிழக்குக் கரையில் அமெரிக்கர்களுக்குத் தளமும் தந்தது. ஆகஸ்ட் நடுவில் ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி சில நாட்களில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும், அந்த மாதம் 22-ஆம் தேதி போர். 700 நாள் இங்கே ஒரு வாரமாகச் சுருங்கியது, ஏனென்றால் மற்ற வழிகளைப் பிரேசில் ஏழு மாதம் முன்பே செலவழித்துவிட்டது.